பெய்ஜிங் ஓரத்து ஹுய் ஊருக்குப் போகிறீர்களா? சாங்யிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெய்ஜிங்கின் கிழக்கு ஓரத்தில், சாங்யிங்குக்கு ஒரு மெட்ரோ நிறுத்தம் தள்ளி மூன்று வருடம் குடியிருந்தேன். ஊரிலிருந்து வருகிற நண்பர்களுக்குப் பெருஞ்சுவரையும் அரண்மனையையும் காட்டி முடித்த பிறகு நான் கூட்டிப்போகிற இடம் இந்தச் சாங்யிங்தான், சீன மொழி பேசுகிற முஸ்லிம்களான ஹுய் மக்களின் ஊர். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

சாங்யிங் என்பது கிராமமா, நகரமா?

நிர்வாகக் கணக்கில் அது ஒரு 'சியாங்'. சில ஊர்கள் சேர்ந்த, சீன நிர்வாகத்தின் கடைசிப் படியில் இருக்கும் அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவ்யாங் மாவட்டத்தில் இருக்கிறது, முழுப் பெயர் சாங்யிங் ஹுய் இன சியாங். பெய்ஜிங் மாநகர எல்லைக்குள் இப்படி இனப் பெயர் தாங்கிய சியாங்குகள் ஐந்து. சாங்யிங்கும் தோங்ஜோ மாவட்டத்து யூஜியாவுவும் ஹுய் மக்களுக்கு. வடக்கே மலைப்பக்கம் ஹுவாய்ரோவில் இரண்டு மஞ்சு சியாங்குகள், மியூனில் மஞ்சு, மங்கோலியர் இருவருக்கும் சேர்த்து ஒன்று.

இனச் சியாங் என்றதும் தன்னாட்சிப் பகுதி என்று நினைக்க வேண்டாம். சீனாவில் தன்னாட்சி என்பது பிரதேசம், வட்டாரம், கவுண்டி என்ற மூன்று மட்டங்களோடு நின்றுவிடுகிறது. சியாங்குக்குப் பெயரும் சில சலுகைகளும் மட்டும்தான். 1993 விதிமுறைப்படி மக்கள்தொகையில் ஏறக்குறைய 30 சதவீதமாவது அந்தச் சிறுபான்மை இனத்தவர் இருந்தால் இப்படி ஒரு சியாங் அமைக்கலாம், அதன் தலைவரும் அந்த இனத்தவராக இருக்க வேண்டும்.

பழைய சீனக் கிராமம் மாதிரி சந்து, ஓட்டு வீடு எல்லாம் இருக்குமா?

இருக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பேர் இதை எதிர்பார்த்து வந்து அரை மணி நேரத்தில் முகம் வாடிப்போகிறார்கள். மெட்ரோவை விட்டு மேலே ஏறினால் முதலில் கண்ணில் படுவது பெரிய வணிக வளாகமும் இருபது முப்பது மாடிக் குடியிருப்புகளும்தான். 2000க்குப் பிறகு பெய்ஜிங் கிழக்குப் பக்கம் வீங்கியபோது பழைய ஊரின் வீடுகள் இடிக்கப்பட்டன. வயல் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன, வெளியூர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாகக் குடிவந்தார்கள்.

ஆனால் நான் இந்த ஊரைக் காட்ட நினைப்பதே அதற்காகத்தான். வீடு போன பிறகும் ஹுய் குடும்பங்களில் நிறையப் பேர் சிதறிப் போய்விடவில்லை, அங்கேயே கட்டிய குடியிருப்புகளில் இடம் வாங்கிக்கொண்டு பள்ளிவாசலைச் சுற்றியே இருக்கிறார்கள். மின்தூக்கியில் பதினெட்டாம் மாடியிலிருந்து ஒரு பெரியவர் வெள்ளைத் தொப்பியோடு இறங்குவார், கீழே இன்னும் இரண்டு பேர் நிற்பார்கள், மூவரும் சேர்ந்து நடப்பார்கள். அவர்களில் இருவர் பழைய ஊரில் எதிரெதிர் வீட்டுக்காரர்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். சந்து போய்விட்டது, எதிர்வீடு போகவில்லை. அந்த நடையைப் பார்க்கத்தான் போக வேண்டும்.

ஹுய் மக்கள் யார்? உய்குர்களும் இவர்களும் ஒன்றா?

இல்லை. உய்குர்கள் துருக்கிய மொழி பேசுகிறவர்கள், அவர்களுடைய நிலம் மேற்கே ஷின்ஜியாங். ஹுய் மக்களுக்குச் சீன மொழிதான் தாய்மொழி. சாங்யிங் ஹுய்க்காரர் பேசுவது நாக்கைச் சுருட்டிப் பேசுகிற அசல் பெய்ஜிங் பேச்சு. தோற்றத்தை வைத்தும் பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியாது. தாங், சோங் அரச மரபுகளின் காலங்களில் துறைமுகங்களுக்கு வந்த அரபு, பாரசீக வணிகர்கள், 13ஆம் நூற்றாண்டில் மங்கோலியர்கள் மத்திய ஆசியாவிலிருந்து கொண்டுவந்த படைவீரர்கள், கைவினைஞர்கள், அதிகாரிகள், இவர்களோடு மணவுறவு கொண்ட உள்ளூர்ச் சீனர்கள், இஸ்லாத்தில் சேர்ந்தவர்கள் என எல்லோரும் பல தலைமுறைகளில் கலந்து உருவான சமூகம் இது. 2020 கணக்கெடுப்பில் சீனா முழுக்க ஏறக்குறைய 1 கோடியே 14 லட்சம் பேர். அவர்கள் பெயரால் அமைந்த நிங்ஷியா தன்னாட்சிப் பிரதேசம் 1958இல் உருவானது. ஆனாலும் இவர்கள் ஒரே இடத்தில் இருப்பவர்கள் இல்லை, சீனாவில் ஏறக்குறைய எந்த ஊருக்குப் போனாலும் ஒரு ஹுய் நூடுல்ஸ் கடை இருக்கும்.

குடும்பப் பெயரில் 'மா' மிக அதிகம். முகம்மது என்ற பெயரின் முதல் ஒலியிலிருந்து வந்தது என்பார்கள். பத்து ஹுய்களில் ஒன்பது பேர் மா என்று சீனத்தில் ஒரு சொலவடையே உண்டு.

சாங்யிங் என்ற பெயர் எப்படி வந்தது?

'யிங்' என்றால் படைமுகாம். 1368இல் மங்கோலியரிடமிருந்து பெய்ஜிங் நகரத்தை மிங் அரச மரபின் படைகள் பிடித்தபோது தளபதிகளில் ஒருவராக இருந்தவர் சாங் யூச்சுன். அவருடைய படை இங்கே முகாமிட்டது, அதிலிருந்த முஸ்லிம் வீரர்கள் சிலர் இங்கேயே தங்கிவிட்டார்கள் என்பது ஊர்க்காரர்கள் சொல்கிற கதை. சாங் யூச்சுனே ஹுய்தான் என்று ஹுய் மக்கள் உறுதியாகச் சொல்வார்கள், வரலாற்றாசிரியர்களுக்குள் அதில் ஒத்த கருத்து இல்லை. அங்கே உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போது இந்த விவாதத்தை எடுக்க வேண்டாம், கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்படிப் போவது?

மெட்ரோ 6ஆம் தடம். சாங்யிங் என்ற பெயரிலேயே நிலையம் இருக்கிறது, 2012 டிசம்பர் கடைசியில் திறந்தார்கள். நகர நடுவில் தோங்ஸ் நிலையத்தில் ஏறினால் நேராகக் கிழக்கே, மாற வேண்டியதில்லை. கட்டணம் தூரத்தைப் பொறுத்தது: 6 கிலோமீட்டர் வரை 3 யுவான், 12 வரை 4, 22 வரை 5. காலையில் நகரத்துக்குள் போகிற பக்கமும் மாலையில் திரும்புகிற பக்கமும் மூச்சு முட்டும், ஆகவே காலை பத்து மணிக்கு மேல் கிளம்புங்கள். கூகுள் வரைபடத்தை நம்ப வேண்டாம், சீனாவில் அது சரியாக வேலை செய்யாது. அமாப் செயலியைப் போட்டுக்கொண்டு சாங்யிங் பள்ளிவாசலைச் சீனப் பெயரில் தேடுங்கள்.

விசா? பணம்?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு இருந்தால் 30 நாள் வரை விசா வேண்டாம். எங்கே போனாலும் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். பணத்துக்கு ஆலிபே அல்லது வீசாட் செயலி, வெளிநாட்டு அட்டையையே அதில் இணைத்துக்கொள்ளலாம். சின்னக் கடைகளில் நூறு யுவான் தாளை நீட்டினால் சில்லறைக்குத் திண்டாடுவார்கள்.

பள்ளிவாசலுக்குள் விடுவார்களா?

முற்றம் வரை பொதுவாக விடுவார்கள். தொழுகைக் கூடத்துக்குள் முஸ்லிம் அல்லாதவர் போகாமல் இருப்பதுதான் மரியாதை, பல பள்ளிவாசல்களில் அதை எழுதியே வைத்திருக்கிறார்கள். வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் முதலில் கேளுங்கள். கேட்காமல் நுழைகிறவரிடம் காட்டுகிற முகம் வேறு, கேட்டுவிட்டு நுழைகிறவரிடம் காட்டுகிற முகம் வேறு.

சாங்யிங் பள்ளிவாசல் மிங் அரசர் ஜெங்தே காலத்தில், அதாவது 1506க்கும் 1521க்கும் இடையில் எழுந்தது. குவிமாடத்தைத் தேடாதீர்கள். பெய்ஜிங் வட்டாரத்துப் பழைய பள்ளிவாசல்கள் எல்லாம் சீனக் கோயில் மாதிரியேதான் இருக்கும்: சாம்பல் நிறச் செங்கல், வளைந்த ஓட்டுக் கூரை, முற்றத்துக்குள் முற்றம். ஒரு வித்தியாசம் உண்டு. சீனக் கோயிலும் அரண்மனையும் தெற்குப் பார்த்து நிற்கும், பள்ளிவாசல் கூடமோ கிழக்கே வாசல் வைத்து நிற்கும். உள்ளே நிற்கிறவர் முகம் மேற்கே மக்காவை நோக்க வேண்டும் என்பதால் அப்படி.

ஒருமுறை காயல்பட்டினத்து நண்பர் ஒருவரைக் கூட்டிப்போனேன். அவருக்குத் திசை கேட்க வேண்டிய தேவையே வரவில்லை, நம் ஊரிலும் மேற்குதானே. தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளுச் செய்கிற இடத்தில் ஒருவர் நீள மூக்கு வைத்த கெண்டி ஒன்றை நீட்டினார், தாங்பிங் என்று அதற்குப் பெயர். குழாய் இருந்தாலும் கெண்டியில் ஊற்றிக் கழுவுவதில் பெரியவர்களுக்கு ஒரு பிடிப்பு. நண்பர் வலது கை, இடது கை என்று வரிசை மாறாமல் கழுவுவதை அந்த மனிதர் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார், முடித்ததும் தலையை மட்டும் ஆட்டினார். அதற்கு அப்புறம் எங்களைத் தேநீர் குடிக்காமல் அனுப்பவில்லை.

நான் முஸ்லிம். அங்கே தொழலாமா?

தாராளமாக. சலாம் சொன்னால் போதும். வெள்ளிக்கிழமைத் தொழுகை பகல் ஒரு மணியை ஒட்டி இருக்கும், நேரம் பருவத்துக்குத் தகுந்தபடி மாறுவதால் வாசல் பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெண்கள் தொழ வசதி உண்டா என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள். சீன ஹுய்களிடையே பெண்களுக்கென்றே தனிப் பள்ளிவாசல்கள் இருக்கிற மரபும் உண்டு, ஹெனான் மாகாணத்தில் அவை அதிகம்.

வெளிநாட்டவர் வழிபடுவதில் தடையில்லை. ஆனால் மதப் பிரசாரம் செய்வதும் சமய நூல்கள் விநியோகிப்பதும் சட்ட விரோதம், 2025 மே 1 முதல் இதற்கான விதிகளை இன்னும் விரிவாக்கியிருக்கிறார்கள். கையில் துண்டுப் பிரசுரம் எதுவும் வேண்டாம். உங்களுக்கு மட்டும் இல்லை, உங்களை உள்ளே விட்டவருக்கும் தொல்லை.

மொழி தெரியாமல் எப்படிச் சமாளிப்பது?

மொழிபெயர்ப்புச் செயலி போதும். இருந்தாலும் சில சொற்களைத் தெரிந்துகொண்டு போங்கள், நம் காதுக்கு அவை அந்நியமாக இருக்காது. ஹுய் மக்கள் சீனம் பேசினாலும் சமயச் சொற்களில் பாரசீகம் ஊறியிருக்கிறது. இமாமை 'ஆஹோங்' என்கிறார்கள், பாரசீக ஆகுந்த் தான் அது. தொழுகை 'நைமாஸ்'. சமய நண்பன் 'தோஸ்தி', சென்னையில் தோஸ்து என்கிறோமே, அதே சொல் வேறு பாதையில் போய் இங்கே சேர்ந்திருக்கிறது. தொழுகை அழைப்பை 'பாங்கெ' என்றார்கள், காயல்பட்டினத்து நண்பர் அந்த இடத்திலேயே நின்றுவிட்டார். தமிழ் முஸ்லிம்கள் சொல்கிற பாங்கு!

இன்னொன்றும் உண்டு. சீன மொழியை அரபு எழுத்தில் எழுதுகிற 'சியாவ்அர்ஜிங்' என்ற முறை ஹுய்களிடம் இருந்தது. மதரசாவில் படித்தவர்கள், சீன எழுத்து தெரியாதவர்கள் அதில்தான் குறிப்பு எழுதிக்கொண்டார்கள். நம்மிடம் அரபுத்தமிழ் இருந்த மாதிரியே.

சாப்பாடு எப்படி?

இதற்காகவே போகலாம். 'சிங்ஜென்' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், தூய்மை, உண்மை என்று பொருள்படும் இரண்டு சீன எழுத்துகள், ஹலாலுக்குச் சீனச் சொல் அதுதான். அந்த இரண்டு எழுத்தையும் படமாகத் தொலைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பாணிக் கடைப் பலகைகளில் நான் மேலே சொன்ன கெண்டியின் படமும் இருக்கும்.

முதலில் சாப்பிட வேண்டியது எள் ரொட்டி, ஷாவ்பிங். நான் வழக்கமாகப் போகிற சின்னக் கடையில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றே பார்க்கலாம். மாவை மேசை அகலத்துக்கு மெல்லியதாக இழுத்து, அதன் மேல் எள் விழுதைக் கையாலேயே பரத்தி, சிச்சுவான் மிளகும் உப்பும் தூவி, பாய் சுருட்டுவதுபோல் சுருட்டுவார் அந்த அம்மா. அப்புறம் கையாலேயே துண்டு துண்டாகக் கிள்ளி, உருட்டி, ஒரு பக்கத்தை எள்ளில் ஒற்றி அடுப்புக்குள் தள்ளுவார். வெந்ததும் பிளந்தால் உள்ளே பத்துப் பன்னிரண்டு ஏடு. அதற்குள் மசாலாவில் வெந்த மாட்டிறைச்சியை மெல்லச் சீவி வைத்துத் தருவார்கள். சூடாக, நின்றுகொண்டே சாப்பிட வேண்டும்.

குளிர்காலமாக இருந்தால் செம்புச் சட்டி ஆட்டிறைச்சி. நடுவில் கரி எரிகிற புகைபோக்கி வைத்த சட்டி, வெறும் இஞ்சி, வெங்காயத் தாள் போட்ட தண்ணீர், அதில் தாள்போல் சீவிய இறைச்சியைப் பத்து விநாடி அலசி எள் விழுதில் தோய்ப்பது. இந்தச் சமையலை ஊரறியச் செய்ததில் ஹுய்களுக்குப் பெரிய பங்கு. பெய்ஜிங்கின் பெயர்பெற்ற தோங்லாய்ஷுன் உணவகமே 1903இல் ஒரு ஹுய்க்காரர் போட்ட தெருக்கடையில் தொடங்கியதுதான்.

பெருநாளுக்கோ இறந்தவர் நினைவு நாளுக்கோ வீடுகளில் 'யோஷியாங்' சுடுவார்கள். வட்டமாக, நடுவில் இரண்டு கீறல் போட்ட எண்ணெய் ரொட்டி. யாராவது கொடுத்தால் அப்படியே கடிக்காதீர்கள், மேல்பக்கம் மேலேயே இருக்கும்படி பிடித்துக் கையால் பிய்த்துச் சாப்பிடுவது அவர்கள் வழக்கம்.

நான் சைவம். எனக்கு ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும், கொஞ்சம் கவனம் வேண்டும். ஹலால் கடை என்றால் பன்றி இறைச்சியும் பன்றிக் கொழுப்பும் இல்லை என்ற நிம்மதி உண்டு, ஆனால் நூடுல்ஸ் சாறு எல்லாம் எலும்பில் கொதித்ததுதான். 'வோ ச்சர் சூ' என்று சொல்லுங்கள், சைவம் சாப்பிடுகிறேன் என்று பொருள். இறைச்சி வைக்காத எள் ரொட்டி, மஞ்சள் பட்டாணியில் செய்த வில்லை, கொழுக்கட்டை மாதிரி பசையரிசி மாவில் இனிப்புப் பூரணம் வைத்த 'ஐவோவோ', சோயா மாவில் புரட்டிய பசையரிசிச் சுருள் என்று இனிப்புப் பக்கம் வயிறு நிறையும். முட்டைகூட வேண்டாம் என்றால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

எதெல்லாம் செய்யக் கூடாது?

வெளியே வாங்கிய சாப்பாட்டை ஹலால் கடைக்குள் கொண்டுபோகாதீர்கள். நான் போன முதல் வாரம் இந்தத் தவறைச் செய்தேன். வழியில் ஒரு கடையில் வாங்கிய ஆவியில் வெந்த பன் பொட்டலம் கையில் இருந்தது, உள்ளே என்ன இறைச்சி என்றுகூட யோசிக்கவில்லை. கதவைத் திறந்ததும் கடைக்காரம்மா எழுந்து வந்து, கோபப்படாமல், பொட்டலத்தையும் வெளியே இருந்த மேடையையும் மாறி மாறிக் காட்டினார். வெளியே வைத்துவிட்டு வந்தேன், அதன் பின் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சாப்பாடு வந்தது. ஆனால் அவர் எழுந்து வந்த வேகத்தை மறக்க மாட்டேன், அந்தச் சமையலறையின் சுத்தம் அவருக்கு எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

பன்றி பற்றிய பேச்சே வேண்டாம். ஏன் சாப்பிடுவதில்லை என்று கேட்பதும் வேண்டாம், வாழ்நாள் முழுக்க அந்தக் கேள்வியையும் அதையொட்டிய கேலியையும் கேட்டுச் சலித்தவர்கள். பள்ளிவாசலுக்கு அரைக்கால் சட்டையில் போகாதீர்கள். தொழுகிறவர்களைப் படம் எடுக்காதீர்கள். முற்றத்தையும் கூரையையும் எடுக்கலாம், மனிதர்கள் என்றால் கேட்டுவிட்டு.

பழைய படங்களில் கடைப் பலகைகளில் அரபு எழுத்து இருந்ததே, இப்போது ஏன் இல்லை?

மதத்தைச் 'சீனமயமாக்குவது' என்ற அரசுக் கொள்கை வேகம் எடுத்த பிறகு பல ஊர்களில் பள்ளிவாசல் குவிமாடங்கள் அகற்றப்பட்டன. பெய்ஜிங்கிலும் 2019 வாக்கில் ஹலால் கடைகளின் பலகைகளில் இருந்த அரபு எழுத்தையும் பிறைச் சின்னத்தையும் எடுக்கச் சொன்னார்கள். சீன எழுத்துகள் மட்டும் மிஞ்சின. என் மனதுக்கு இது வருத்தமான விஷயம், அதை மறைக்கப்போவதில்லை. ஆனால் இதைப் பற்றிக் கடைக்காரரிடமோ ஆஹோங்கிடமோ கேட்காதீர்கள். நீங்கள் நாலு நாளில் விமானம் ஏறிவிடுவீர்கள், பதில் சொன்னவர் அங்கேயே இருக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் ஆகும்? சேர்த்து வேறு எங்கே போகலாம்?

சாங்யிங்குக்கு அரை நாள். காலையில் போய், மதியம் சாப்பிட்டு, ஊர்ப் பூங்காவில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பலாம். மறுநாள் நகரத்துக்குள் நியூஜியே போங்கள், 996இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் பள்ளிவாசல், மெட்ரோ 19ஆம் தடத்தில் அதே பெயரில் நிலையம். அதன் முற்றத்தில், மங்கோலியர் ஆண்ட யுவான் அரச மரபின் காலத்தில் மறைந்த வெளிநாட்டு அறிஞர்கள் இருவரின் கல்லறைகள் இருக்கின்றன. கட்டடம் பார்க்க நியூஜியே, ஊர் பார்க்க சாங்யிங் என்பது என் கணக்கு. வயல்வெளி வேண்டும் என்பவர்கள் யூஜியாவு போகலாம், விதை ஆராய்ச்சிக்கென்றே அங்கே பெரிய வளாகம் வைத்திருக்கிறார்கள், ஆனால் மெட்ரோ கிடையாது. பெய்ஜிங் எல்லையைத் தாண்டினால் ஹெபெய் மாகாணத்தின் தாச்சாங் ஹுய் தன்னாட்சிக் கவுண்டி, மாடு, ஆட்டு இறைச்சித் தொழிலுக்குப் பெயர்போனது.

தமிழுக்கும் ஹுய்களுக்கும் ஏதாவது பழைய தொடர்பு உண்டா?

உண்டு. மிங் கடற்படைத் தலைவர் ஜெங் ஹே யுன்னான் மாகாணத்தில் ஹுய் குடும்பத்தில் பிறந்தவர், பிறவிப் பெயர் மா ஹே. 1409 தேதியிட்டு அவர் இலங்கைக்குக் கொண்டுவந்த கல்லில் மூன்று மொழி: சீனம், பாரசீகம், தமிழ். தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்குக் காணிக்கை சொல்கிறது. 1911இல் இலங்கையின் காலி நகரில் கிடைத்த அந்தக் கல் இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜெங் ஹே பெயரைச் சீனாவில் எல்லோருக்கும் தெரியும், கல்லில் தமிழ் இருப்பது அநேகம் பேருக்குத் தெரியாது. தேநீர் மேசையில் அந்தக் கல்லின் படத்தைக் காட்டினேன். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீன வரிகளை வாய்விட்டுப் படித்தார், பிறகு தமிழ் வரிகளைக் காட்டி இது நீ பேசுவதா என்று கேட்டார்.

கையில் ஏதாவது கொண்டுபோகலாமா?

பொட்டலம் பிரிக்காத முந்திரி, ஏலக்காய், பேரீச்சம்பழம் நல்லது. ரமலான் மாதமாக இருந்தால் பேரீச்சம்பழம்தான். இனிப்பு கொண்டுபோனால் ஹலால் முத்திரை இருக்கிறதா பாருங்கள், விலங்குக் கொழுப்போ ஜெலட்டினோ சேர்ந்திருக்குமோ என்று அவர்கள் யோசிக்க வேண்டி வரும். கொடுக்கும்போது இரண்டு கையாலும் கொடுங்கள். முதல் தடவை வேண்டாம் என்பார்கள், இரண்டாம் தடவையும் வேண்டாம் என்பார்கள், மூன்றாம் தடவை வாங்கிக்கொள்வார்கள்.

திரும்பும்போது?

இரவு பத்து மணிக்குள் மெட்ரோ நிலையத்துக்கு வந்துவிடுங்கள். வருகிற வழியில் நாளைக் காலைக்கு நாலு எள் ரொட்டி வாங்கிக்கொள்ளுங்கள், மறுநாள் வாணலியில் எண்ணெய் விடாமல் சூடு காட்டினால் மறுபடி மொறுமொறுவென்று ஆகிவிடும்.